முதல் ஏ.ஏ. கூட்டத்துக்குப் போகிறவருக்கு

குடியை விட வேண்டும் என்று தீர்மானித்தவர்கள் நம் ஊரில் செய்து பார்க்கும் வழிகள் பல. பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்வார்கள். கோயிலில் போய்க் கையில் கயிறு கட்டிக்கொள்வார்கள். கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்கு மாலை போட்டு, விரத நாள் முழுவதும் ஒரு சொட்டுக்கூடத் தொடாமல் இருந்துவிட்டு, மாலையைக் கழற்றிய அன்றே கடை வாசலில் நிற்பவர்களை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். இவற்றில் எதையும் நான் குறைத்துப் பேசவில்லை. இத்தனை நாள் குடிக்காமல் இருக்கத் தன்னால் முடியும் என்பதை அந்த விரதம்தான் அவருக்கே காட்டிக்கொடுக்கிறது. ஆனால் மாலையைக் கழற்றிய மறுநாள் சாயங்காலம் ஏழு மணிக்கு எங்கே போவது, யாருடன் உட்காருவது என்ற கேள்விக்கு அதில் விடை கிடையாது.

அந்தச் சாயங்கால நேரத்துக்குப் போக்கிடமாகத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் இருப்பது ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் குடிநோயாளிகளின் கூட்டம். எல்லோரும் ஏ.ஏ. என்றே சொல்கிறார்கள். இந்தியாவில் 1957 முதல் இயங்கிவரும் இதை மருத்துவரோ ஆலோசகரோ நடத்துவதில்லை. குடித்துக் கெட்டுப் பிறகு நிறுத்தியவர்களும் நிறுத்த முயல்பவர்களும் தமக்குத் தாமே நடத்திக்கொள்கிறார்கள். என் சித்தப்பாவுக்குத் துணையாகப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து கவனித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கூட்டத்தின் முகவரியைக் கண்டுபிடிப்பது பெரிய வேலையல்ல. வாசலிலிருந்து நாற்காலி வரை உள்ள பத்தடியைக் கடப்பதுதான் பெரிய வேலை என்பது அப்போது எனக்குப் புரிந்தது. ஆகவே அந்தப் பத்தடியைப் பற்றியே இங்கு அதிகம் எழுதியிருக்கிறேன்.

முதலில் மருத்துவர், பிறகு கூட்டம்

காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, ஒரு ‘கட்டிங்’ உள்ளே போனால்தான் நடுக்கம் அடங்குகிறது என்ற நிலையில் இருப்பவர், இந்தக் கட்டுரையைப் படித்த வேகத்தில் இன்றிரவே குடியை நிறுத்திவிடக் கூடாது. நீண்ட நாள் தொடர்ந்து அதிகமாகக் குடித்த உடம்பு, சாராயம் திடீரென்று நின்றுபோனால் சில மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை என்று எதிர்ப்பைக் காட்டத் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு நினைவு தடுமாறி, இல்லாத உருவங்கள் கண்ணில் தெரிந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் மருந்தும், பி1 வைட்டமின் ஊசியும் கொடுத்து, உடம்பு அடங்கும் வரை பார்த்துக்கொள்வார்கள். எங்கே போவது என்று தெரியாதவர்கள் போதை மீட்புக்கான கட்டணமில்லா தேசிய உதவி எண் 14446-ஐ அழைக்கலாம். மனநல உதவிக்கான ‘டெலி மானஸ்’ எண் 14416.

சுவரொட்டிகளில் ‘குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்’ என்று விளம்பரம் செய்யப்படும் பொடிகளையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இப்படிக் கலக்கப்படக்கூடிய டைசல்ஃபிரம் என்ற மாத்திரை, அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுக்கும்படி செய்வது. மருத்துவர் சொல்லி, தெரிந்தே சாப்பிடுபவருக்கு அது உதவக்கூடும். தெரியாமல் ரசத்தில் கலந்து கொடுத்தால், ஒன்றும் அறியாமல் அவர் குடிக்கும் அன்று உயிருக்கே உலையாகலாம். அதோடு வீட்டின் மேல் அவருக்கிருந்த நம்பிக்கையும் போய்விடும்.

மருந்தா கூட்டமா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. 27 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 10,565 பேரையும் சேர்த்துப் பார்த்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020 மதிப்பாய்வில், ஏ.ஏ.யில் முறைப்படி ஈடுபடுத்தும் சிகிச்சையைப் பெற்றவர்களில் ஓராண்டுக்குப் பிறகும் முழுமையாகக் குடிக்காமல் இருந்தவர்கள் 42 விழுக்காடு. பிற உளவியல் சிகிச்சைகளில் அது 35 விழுக்காடு. பெரிய அதிசயமில்லை, ஆனால் பைசா செலவில்லாத ஒன்றுக்கு இது குறைவான பலனும் இல்லை.

கண்டுபிடிப்பது

ஏ.ஏ. எப்படித் தொடங்கியது என்று பார்த்தால், கூட்டத்தைத் தேடும் வழியும் அதிலேயே இருக்கிறது. 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்துக்குத் தொழில் விஷயமாக வந்து தோற்றுப்போன பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குத் தரகர், ஓட்டல் கூடத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தார். ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சிரிப்பொலி, மறுபக்கம் தொலைபேசி. சில மாதங்களாகக் குடிக்காமல் இருந்த அவர், இன்னொரு குடிகாரரிடம் பேசினாலொழியத் தன்னால் தாங்க முடியாது என்று உணர்ந்து, அங்கிருந்த தேவாலயப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அழைத்தார். அப்படிக் கிடைத்தவர்தான் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். பதினைந்து நிமிடம்தான் இருப்பேன் என்று நிபந்தனை போட்டு வந்தவர், இரவு பதினொரு மணியைத் தாண்டியும் பேசிக்கொண்டிருந்தார். ஸ்மித் கடைசியாகக் குடித்த நாளான 1935 ஜூன் 10-ஐத்தான் ஏ.ஏ. தன் தொடக்க நாளாகக் கொண்டாடுகிறது.

நமக்கு அவ்வளவு அலைச்சல் தேவையில்லை. ஏ.ஏ.யின் இந்திய இணையதளத்தில் மாநிலம், ஊர் வாரியாகக் குழுக்களைத் தேடலாம். மருத்துவமனையின் போதை மீட்புப் பிரிவில் உள்ள ஆலோசகரைக் கேட்டால் அருகிலுள்ள கூட்டத்தைச் சொல்வார். சென்னை இந்திரா நகரில், சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையைப் போன்ற பழைய மீட்பு நிலையங்களுக்கு இந்த விவரங்கள் நன்றாகவே தெரியும். பட்டியலில் உள்ள எண்ணை அழைப்பவர் மூன்று செய்திகளைக் கேட்டுக்கொண்டால் போதும். கூட்டம் தமிழில் நடக்கிறதா ஆங்கிலத்திலா? திறந்த கூட்டமா மூடிய கூட்டமா? வளாகத்துக்குள் எந்த அறை? மூன்றாவதை அற்பமாக நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலான கூட்டங்கள் பள்ளி வகுப்பறையிலோ தேவாலயத்தின் பின்புறக் கூடத்திலோ நடக்கும். பெரிய பலகை எதுவும் இருக்காது. இருட்டில் அறை தெரியாமல் திரும்பி வந்துவிடுவது, போகாமல் இருப்பதற்கு மனம் தேடிக்கொண்டிருந்த சாக்காகவே ஆகிவிடும். வழி தெரியாது, தனியாக வரத் தயக்கமாக இருக்கிறது என்று தொலைபேசியிலேயே சொல்லிவிடலாம். பேருந்து நிறுத்தத்துக்கு வந்து அழைத்துப் போகப் பெரும்பாலும் யாராவது ஓர் உறுப்பினர் முன்வருவார்.

திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தினரும் ஆர்வமுள்ள யாரும் வரலாம். மூடிய கூட்டம், குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும். அந்த விருப்பம் ஒன்றுதான் ஏ.ஏ.யில் சேரத் தகுதி. எவ்வளவு குடித்தீர்கள், எத்தனை ஆண்டு குடித்தீர்கள் என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. துணைக்கு ஆளுடன் போகிறவர் முதல் முறை திறந்த கூட்டத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்ற அச்சம் எல்லோருக்கும் உண்டு. டாஸ்மாக் கடை வாசலில் பட்டப்பகலில் வரிசையில் நின்றபோது வராத வெட்கம், கூட்டத்துக்குப் போகும்போது மட்டும் எங்கிருந்து வருகிறதோ தெரியவில்லை. வாதம் செய்து அதைப் போக்க முடியாது. முதல் சில வாரங்களுக்கு வீட்டிலிருந்து அரை மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவில் உள்ள குழுவுக்குப் போங்கள். கூச்சம் தெளிந்த பிறகு பக்கத்துக் குழுவுக்கு மாறிக்கொள்ளலாம். அங்கேயும் தெரிந்த முகம் ஒன்று எதிர்ப்பட்டால், அவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருக்கிறார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நேரில் போக வாய்ப்பே இல்லாதவர்களுக்கு இணையவழிக் கூட்டங்கள் இருக்கின்றன. 2020 பொதுமுடக்கத்துக்குப் பிறகு இவை பெருகின. வெளிநாட்டில் வேலை செய்பவர்களுக்கும் இரவுப் பணிக்காரர்களுக்கும் இது பெரிய உதவி. ஆனாலும் நேரில் கூட்டம் நடக்கும் ஊரில் இருப்பவர், திரையை மட்டுமே நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. கேமராவை அணைத்துவிட்டுக் கையில் கிளாஸுடன்கூட அந்தக் கூட்டத்தைக் கேட்க முடியும்.

வாசலிலிருந்து நாற்காலி வரை

சித்தப்பாவும் நானும் போன முதல் நாள், அவர் அந்தப் பள்ளி வாசலை இரண்டு முறை தாண்டிப் போய், எதிரே இருந்த பெட்டிக்கடையில் வேண்டாத பொருளாக ஒரு தீப்பெட்டி வாங்கினார். மூன்றாம் முறை வாசலுக்கு வந்தபோது, உள்ளே நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்து, “வாங்க சார், டீ சூடா இருக்கு” என்றார். புதியவரா, எதற்கு வந்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. காகிதக் கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகு சித்தப்பாவால் திரும்பிப் போக முடியவில்லை.

நான் சொல்லும் யோசனையும் இதை ஒட்டியதுதான். கூட்டம் தொடங்கப் பத்து நிமிடம் முன்னதாகப் போய்ச் சேருங்கள். தாமதமாகப் போனால் எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் திரும்பும். முன்னதாகப் போனால் இரண்டு பேரும் ஒரு தேநீர்ப் பாத்திரமும்தான் இருக்கும். வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போகாதீர்கள். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும்தான் குடியை நோக்கித் தள்ளும் என்பது ஏ.ஏ.காரர்கள் வாய் ஓயாமல் சொல்லும் எச்சரிக்கை. கடைசி வரிசையில் உட்காரலாம், குற்றமில்லை. கதவுக்குப் பக்கத்து நாற்காலியை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

கூட்டம் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் நடக்கும். குழு உறுப்பினர் ஒருவர் தலைமை வகிப்பார். அது முறை வைத்துச் செய்யும் வேலையே தவிரப் பதவி கிடையாது. முகவுரை ஒன்று வாசிக்கப்படும்; குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்துள்ள பன்னிரண்டு படிகளை அல்லது அவற்றில் ஒன்றைப் படிப்பார்கள். மதுவின் முன் தனக்குச் சக்தியில்லை, வாழ்க்கை தன் கையை மீறிப் போய்விட்டது என்று ஒப்புக்கொள்வதே முதல் படி. பிறகு ஒவ்வொருவராக எழுந்து, “என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி” என்று தொடங்கித் தம் கதையைச் சொல்வார்கள். இதற்குப் ‘பகிர்வு’ என்று பெயர். சொல்லும்போது யாரும் குறுக்கிடுவதில்லை. சொல்லி முடித்த பிறகும் அறிவுரையோ விவாதமோ கிடையாது. திண்ணையில் ஒருவர் வாயைத் திறந்தால் நான்கு பேர் தீர்வு சொல்லியே பழகிய நமக்கு, ஒருவர் ஐந்து நிமிடம் பேச முப்பது பேர் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பதே முதலில் வினோதமாகத் தோன்றும்.

உங்கள் முறை வரும்போது பேசித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. “இன்று கேட்க மட்டும் வந்திருக்கிறேன்” என்று சொல்லிவிட்டு உட்காரலாம். பெயரை மட்டும் சொன்னாலும் போதும். குடிநோயாளி என்ற சொல் தொண்டையை விட்டு வராவிட்டால் அதை விட்டுவிடுங்கள். என் சித்தப்பாவுக்கு அந்தச் சொல் வாயில் வர ஏழு கூட்டங்கள் ஆயின. அதற்கு முந்தைய கூட்டங்களில் எல்லாம் தனக்குச் சர்க்கரை வியாதி, அதனால்தான் வந்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் சிரிக்கவில்லை.

முழுப்பெயர், சாதி, வேலை, முகவரி எதையும் சொல்ல வேண்டியதில்லை. வருகைப் பதிவேடு கிடையாது. அங்கே கேட்டதை வெளியே சொல்வதில்லை என்ற கட்டுப்பாடு உங்களுக்கும் பொருந்தும். துணைக்குப் போகிறவர்களுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். இந்தக் கட்டுரையில் ஊரையும் குழுவின் பெயரையும் நான் சொல்லாததற்குக் காரணம் அதுவே.

கட்டணம் எதுவும் இல்லை. நடுவில் ஒரு பை அல்லது டப்பா சுற்றி வரும். வாடகைக்கும் தேநீருக்கும் உறுப்பினர்களே விருப்பப்படி போடுவது அது. புதியவர் போடாமல் அடுத்தவருக்குத் தள்ளிவிடலாம். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்களுடைய மரபு. ஆகவே ஏ.ஏ. பெயரைச் சொல்லி யாராவது பணம் கேட்டாலோ, தங்கவைத்துக் குணப்படுத்துகிறோம் என்று கட்டணம் பேசினாலோ, அது வேறு சங்கதி. தங்கும் மீட்பு மையங்கள் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் கீழ் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றைப் பார்க்காமல் யாரையும் அங்கே சேர்க்கக் கூடாது.

குடித்துவிட்டு வந்தவரையும் அமைதியாக இருக்கும் வரை வெளியேற்றுவதில்லை. இன்று கேளுங்கள், நாளை பேசுங்கள் என்பார்கள். ஒரு குவார்ட்டரைப் போட்டுத்தான் தைரியம் வந்தது என்றாலும் போகலாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். அப்படிப் போவதுதான் வழி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடவுள் பற்றிய கேள்வி

தமிழ்நாட்டில் இரண்டு வகையினர் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். தேவாலயக் கூடத்தில் நடப்பதைப் பார்த்து, மதம் மாற்றுகிற கூட்டமோ என்று சந்தேகப்படுபவர்கள் ஒரு வகை. கடவுள் மறுப்பாளர்கள் மற்றொரு வகை. முதல் சந்தேகத்துக்கு விடை எளிது. மாலை நேரத்தில் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும் இடம் என்பதுதான் அந்தக் கூடத்தின் சிறப்பு. எந்த மதத்தோடும் கட்சியோடும் ஏ.ஏ.வுக்குத் தொடர்பில்லை. நெற்றியில் விபூதியுடன் வருபவரும் தொப்பியுடன் வருபவரும் ஒரே வரிசையில் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது அவ்வளவு எளிதல்ல. பன்னிரண்டு படிகளில் பலவற்றில் கடவுள் வருகிறார். ‘நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்’ என்று மூன்றாம் படி இளக்கம் கொடுத்தாலும், கூட்டத்தின் முடிவில் எல்லோரும் எழுந்து, மாற்ற முடியாததை ஏற்கும் அமைதியையும் மாற்றக்கூடியதை மாற்றும் துணிவையும் வேண்டிச் சொல்வது பிரார்த்தனையே. தன்னைவிடப் பெரிய சக்தி என்பதற்கு இந்தக் குழுவையே வைத்துக்கொண்டேன் என்று சொல்லும் நாத்திகர்கள் இருக்கிறார்கள். அதுவும் ஒவ்வாதவர்கள், கடவுளைக் கொண்டுவராமல் நடத்தைப் பயிற்சியை அடிப்படையாகக் கொண்ட ‘ஸ்மார்ட் ரெகவரி’ அமைப்பின் ஆங்கில இணையவழிக் கூட்டங்களை முயன்று பார்க்கலாம். படிகள் பிடிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அறையையும் அங்குள்ள மனிதர்களையும் சேர்த்து உதறிவிட வேண்டாம் என்பதே நான் சொல்லக்கூடியது. பிடித்ததை எடுத்துக்கொள், மற்றதை விட்டுவிடு என்று அவர்களே சொல்கிறார்கள்.

முதல் கூட்டத்துக்குப் பிறகு

ஒரு கூட்டத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு குழுவில் அரசு ஊழியர்கள் அதிகம் இருப்பார்கள், இன்னொன்றில் ஆட்டோ ஓட்டுநர்களும் கட்டடத் தொழிலாளர்களும்; ஒன்றில் ஒரே ஆள் அரை மணி நேரம் பேசுவார், மற்றொன்றில் மணியடித்து நிறுத்துவார்கள். மூன்று நான்கு குழுக்களைப் பார்த்த பிறகு ஏதாவது ஓரிடம் ஒட்டிக்கொள்ளும். தொண்ணூறு நாளில் தொண்ணூறு கூட்டம் என்பது பழைய ஏ.ஏ.காரர்களின் கணக்கு. சிறிய ஊரில் வாரத்துக்கு இரண்டு கூட்டம்தான் நடக்கிறது என்றால், மற்ற நாட்களை இணையவழிக் கூட்டத்தாலும் தொலைபேசியாலும் நிரப்பிக்கொள்ளலாம்.

கிளம்பும்போது குறைந்தது இரண்டு பேரின் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். கை கடைப்பக்கம் இழுக்கும் நேரத்தில் அழைப்பதற்காகத்தான் அவற்றைக் கொடுக்கிறார்கள். குடித்த பிறகு அழைத்து அழுவதைவிட, குடிக்கும் முன் அழைத்துக் கிரிக்கெட் பேசினாலும் பலன் உண்டு. கொஞ்ச நாள் கழித்து, குறைந்தது ஓராண்டாவது குடிக்காமல் இருப்பவரும் உங்களுக்கு மரியாதை தோன்றுபவருமான ஒருவரை ‘ஸ்பான்சராக’ இருக்கும்படி கேளுங்கள். படிகளைக் கடக்க உடன் வரும் மூத்தவர் அவர். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது பொது வழக்கம். அவரிடம் கடன் கேட்காதீர்கள், அவருக்குக் கடன் கொடுக்காதீர்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நிறுத்தும்படி அவர் சொன்னால், மாத்திரையை வைத்துக்கொண்டு ஸ்பான்சரை மாற்றுங்கள்.

இடையில் ஒரு நாள் தவறிப்போய்க் குடித்துவிட்டால், மறுநாள் கூட்டத்துக்கே திரும்புங்கள். பலர் இங்கேதான் காணாமல் போகிறார்கள். அறுபது நாள் குடிக்காமல் இருந்ததற்குக் கைதட்டியவர்களின் முன் எப்படிப் போய் நிற்பது என்று வீட்டோடு இருந்துவிடுகிறார்கள். அந்த அறையில் இருப்பவர்களில் பலர் அப்படித் திரும்பி வந்தவர்கள்தான்.

பெண்களுக்கு இந்த வழி இன்னும் கடினம். பல குழுக்களில் ஆண்களே நிறைந்திருப்பார்கள். குடிக்கும் பெண் என்ற பேச்சுக்கு அஞ்சியே பலர் வருவதில்லை. பெண்களுக்கான குழு உள்ளதா என்று தொலைபேசியில் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். இல்லையென்றால், இணையவழிக் கூட்டத்தில் தொடங்கி, அங்கே அறிமுகமாகும் பெண் உறுப்பினருடன் நேர்க் கூட்டத்துக்குப் போவது நல்லது.

குடிப்பவர் வர மறுக்கும் வீடுகளில், குடும்பத்தினர் தமக்கென ‘அல்-அனான்’ கூட்டத்துக்குப் போகலாம். பில் வில்சனின் மனைவி லோயிஸ் முன்னின்று 1951-இல் உருவாக்கிய அமைப்பு அது. இந்த நோய்க்கு நான் காரணமில்லை, என்னால் இதைக் கட்டுப்படுத்தவும் முடியாது, குணப்படுத்தவும் முடியாது என்பதை அங்கே கற்றுக்கொடுக்கிறார்கள். என் சித்தி அதற்குப் போகத் தொடங்கியது சித்தப்பா ஏ.ஏ.வுக்குப் போவதற்கு நான்கு மாதம் முன்னால். இரவில் அவருக்காக விழித்திருப்பதையும், மறுநாள் அலுவலகத்துக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்வதையும் சித்தி நிறுத்தியது அப்போதுதான்.

குழுவில் நிலைக்க நினைப்பவர் ஏதாவது ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: தேநீர் போடுவது, புத்தகங்களை மேசையில் அடுக்குவது, முடிந்ததும் கூடத்தைப் பெருக்குவது. வேலை கையில் இருந்தால் மனம் சாக்குச் சொல்லும் நாளிலும் கால் தானாகப் போகும். சித்தப்பாவிடம் இப்போது அந்த அறையின் சாவி இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் ஆறு மணிக்கே போய் நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுவிட்டு, வாசல் தெரியும்படி நின்றுகொள்கிறார். எதிர்ப் பெட்டிக்கடையில் தீப்பெட்டி வாங்கும் ஆளை அவருக்கு இங்கிருந்தே அடையாளம் தெரிகிறது.